மலையிலிருந்து காரைக்குடிக்கு: மகளுக்கு விடுதி தேடும் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. தாண்டிக்குடியில் பேருந்தை விட்டு இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடித்துப் போக வேண்டும். காப்பி, மலைவாழை, மிளகு, அவரை இவைதான் பிழைப்பு. நான் படித்த காலத்தில் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு அப்பா என்னைக் காரைக்குடிக்குக் கூட்டி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. படித்து முடித்து, இங்கேயே வேலையும் கல்யாணமும் அமைந்து, செட்டிநாட்டுக்காரியாகவே ஆகிவிட்டேன். அக்கா மகள்கள் இரண்டு பேர், அப்புறம் ஊர்ப்பிள்ளைகள் நாலைந்து பேர் என்று மலையிலிருந்து வந்த பெண் பிள்ளைகளுக்கு விடுதி பார்த்துச் சேர்த்துவிடும் வேலையை இத்தனை வருடமாக விரும்பிச் செய்து வருகிறேன்.

விடுதி பார்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைப் பார்க்கிறார்கள், பள்ளியின் தேர்ச்சி விவரத்தைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கட்டடத்துக்குள் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்?

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் முதலில் சேர்ந்த விடுதியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். வார்டன் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு வாட்ச்மேன் தெருப்பக்கம் உட்கார்ந்திருப்பார். உள்ளே நாற்பது பிள்ளைகளும் தனியாக இருப்போம். என் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒன்பதாம் வகுப்பு அக்கா ஈரத்துணி போட்டுவிட்டாள். வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அப்பா, நான் பாதியாக இளைத்திருந்ததைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். விடுதியின் கட்டடம் நன்றாகத்தான் இருந்தது.

இப்போதே அனுப்ப வேண்டுமா?

தொலைவில் உள்ள விடுதி கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடிவாரத்தில் அரசுப் பள்ளியும் அதன் அருகே அரசு விடுதியும் இருக்கலாம். ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் பெண் குழந்தைகளுக்கென்று கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சில மலைகளில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் கேட்டால் விவரம் சொல்வார்கள். இரண்டு மணி நேரத்தில் போய்ப் பார்க்க முடிகிற விடுதி, எட்டு மணி நேரத் தொலைவில் உள்ள நல்ல விடுதியைவிடச் சிறியவளுக்கு நல்லது.

வயதைப் பற்றி என் கருத்து இது. பத்தாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளை ஒரு மாதத்தில் பழகிவிடுகிறாள். எட்டாம் வகுப்பு முடித்து வருகிறவளுக்கு ஒரு பருவம் தேவைப்படுகிறது. பதினொரு வயதில் வருகிறவள் ஒரு வருடம் முழுக்க இரவில் அழுவாள், காலையில் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போவாள். நான் அப்படித்தான் இருந்தேன். ஊரில் பள்ளியே இல்லையென்றால் வேறு வழியில்லை. எட்டு வரை ஊரிலேயே படிக்க முடியுமென்றால் எட்டு வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் செட்டிநாடு என்று கேட்பீர்கள். சின்ன ஊருக்குள் நிறையப் படிப்பு சேர்ந்து கிடக்கிற இடம் இது. வள்ளல் அழகப்பர் 1947-இல் கலைக்கல்லூரி தொடங்கினார், 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது, 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. பெண்களுக்கென்றே காரைக்குடியில் உமையாள் ராமநாதன் கல்லூரியும் பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி கல்லூரியும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் வந்த பிள்ளை பட்ட மேற்படிப்பு வரை ஊர் மாறாமல் படிக்கலாம். மதுரை, சென்னையைப் போல நெரிசலும் இல்லை. பள்ளிக்கும் விடுதிக்கும் நடுவே பிள்ளை தொலைந்துபோகிற அளவு தூரம் இல்லை.

எந்த வகை விடுதி?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். இப்போது எடுக்கிற முடிவு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது திரும்பி வந்து நிற்கும்.

முதல் வகை அரசு விடுதி. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைகள் நடத்துபவை. 2025-இல் இவை எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. எங்களைப் போன்றவர்களுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, ஆனாலும் அடிவாரத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, தனியார் அல்லது உதவிபெறும் பள்ளிகள் தங்கள் வளாகத்திலேயே நடத்தும் விடுதி. கன்னியாஸ்திரிகள் நடத்துவதும் இதில் சேரும். மூன்றாவது கல்லூரி, பல்கலைக்கழக விடுதி. நான்காவது, தனி ஆட்கள் வீடெடுத்து நடத்தும் லேடீஸ் ஹாஸ்டல். இந்த நான்காவது வகையில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பெண்களும் அவரவர் நேரத்துக்கு வருவார்கள், போவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று பார்ப்பது அங்கே யாருடைய வேலையும் அல்ல.

இப்போது பலர் தெரியாமல் இழப்பதைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதைக் கொடுத்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உதவிபெறும் பள்ளியில் படித்தால் இந்த ஒதுக்கீடு கிடையாது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிறகு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

"நல்ல ஸ்கூல்" என்று நினைத்து ஏழாம் வகுப்பில் இரண்டே வருடம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டு, பிறகு பணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் அந்த இரண்டு வருடம் குறுக்கே நிற்கும். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு இது நடந்தது. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவளுடைய அம்மா என்னிடம் வந்து உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை. அதனால் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசுப் பள்ளி, அதற்கு அருகில் நன்றாக நடக்கும் அரசு விடுதி என்ற இணையை முதலில் தேடுங்கள். அது சரிப்படாவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம்.

வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்

விடுதியை முடிவு செய்வதற்கு முன், வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பேருந்திலேயே ஒருமுறை வந்து போங்கள். வாடகைக் காரில் வந்தால் தூரம் தெரியாது.

எங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வத்தலக்குண்டில் இறங்கி, மதுரை ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி போய், காரைக்குடி பஸ் ஏறுவார்கள். ஆரப்பாளையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவேதான் சிக்கல். பெட்டியோடு, கூட்டத்தில், தெரியாத ஊரில் ஒரு பஸ் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். அதற்குப் பதிலாக வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வந்துவிட்டால், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்கு வரலாம். ஒரே நிலையத்துக்குள் மாறினால் போதும். அக்கா மகள்களை நான் இந்த வழியில்தான் பழக்கினேன்.

இரண்டு வழியிலும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு நிலையத்திலும் நேரக்காப்பாளரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மலைக்கு ஏறும் கடைசி வண்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதற்குள் அடிவாரம் வந்து சேர முடியாவிட்டால் அன்றிரவு எங்கே தங்குவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் இரண்டு மூன்று நாள் நீங்கள் இறங்கவே முடியாது. தீபாவளி விடுமுறைக்குப் பிள்ளை கிளம்பும் நேரமும் அதுதான்.

காகிதங்கள்

மே மாதம் வரை காத்திருக்காதீர்கள், தை மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்), குடும்ப அட்டை நகல், நாலைந்து புகைப்படம். பழங்குடியினர் சாதிச் சான்றை வட்டாட்சியர் கொடுப்பதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் கொடுப்பார். விசாரணைக்கு ஆள் வருவார்கள், மாதக்கணக்கில் ஆகும். எங்கள் மலையின் பழங்குடியினரான பளியர் குடும்பங்களில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சான்று இல்லாததால் பிள்ளையின் படிப்பு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்குப் போகத் தொடங்கும்போதே இதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. பிள்ளையின் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரி வரியாகச் சரிபாருங்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை உள்ளூர்க் காப்பாளரிடம் கொடுத்து வையுங்கள்.

நேரில் போய்ப் பார்ப்பது

இரண்டு முறை போக வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டு, ஒருமுறை சொல்லாமல். சொல்லாமல் போகும்போது வேலை நாளில் மாலை ஆறரை மணிக்குப் போங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, துணி துவைத்து, படிக்க உட்காரும் நேரம் அது. உள்ளே விடமாட்டோம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள், அது நல்ல அடையாளம். வாசலில் யார் வந்து பேசுகிறார், எவ்வளவு நேரத்தில் வருகிறார், அம்மாவை மட்டுமாவது உள்ளே அழைத்துக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

தனியார் விடுதியென்றால் முதலில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 2014-இல் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் நடத்தக் கூடாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை இருக்க வேண்டும். கேட்டதும் எடுத்துக் காட்டுகிறவர் வேறு, "அதெல்லாம் இருக்கும்மா" என்று பேச்சை மாற்றுகிறவர் வேறு. சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, ராயவரம் பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு இரண்டு மாவட்டத்திலும் இருப்பதால் பலர் தவறான அலுவலகத்துக்கு அலைகிறார்கள்.

வார்டனிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நீங்கள் இங்கேயே தங்குகிறீர்களா? உங்கள் அறை எங்கே? நீங்கள் ஊருக்குப் போனால் அன்றிரவு யார் இருப்பார்? போன மாதம் எந்தப் பிள்ளைக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா, அப்போது என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "எங்க விடுதியில யாருக்கும் எதுவும் ஆகாது" என்றால் அங்கே சேர்க்காதீர்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மாதம் நாலு பேருக்காவது காய்ச்சலோ வயிற்றுவலியோ வரும். "போன வாரம் ஒருத்திக்கு வாந்தி, ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ வச்சு ஜி.எச். கூட்டிட்டுப் போனேன், அவங்க அப்பாவுக்கு அங்கேயிருந்தே போன் போட்டேன்" என்று பெயரும் நேரமும் மனதில் வைத்துச் சொல்கிறவரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

முடிந்தால் ஒரு வேளை அங்கே சாப்பிடுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு எல்லா விடுதியிலும் நன்றாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடுதான் உண்மையைச் சொல்லும். எவ்வளவு ருசி என்பதைவிட, கடைசிப் பந்தியில் உட்காருகிற சின்னப்பிள்ளைக்குக் குழம்பு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்குத் தனிப் பெயர் உண்டு, ஆனால் தொட்டியைக் கழுவாமல் வைத்திருந்தால் எந்த ஊற்றுத் தண்ணீரும் கெட்டுப்போகும்.

பிறகு கழிப்பறை. அம்மாக்கள் கூச்சப்படாமல் உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் போடுகிறதா, விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளி இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா. காலை ஆறு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை அறை என்று அங்குள்ள பிள்ளைகளிடம் கேளுங்கள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்த பிள்ளைகள் நிறையப் பேர். இந்த வெயில் ஊரில் அது பெரிய ஆபத்து.

செட்டிநாட்டுக்கே உரிய ஒன்று இருக்கிறது. பழைய பெரிய வீட்டில் விடுதி நடந்தால் பார்த்ததும் மனம் மயங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை, வெளிச்சம் விழும் வளவு என்கிற நடு முற்றம். கோடையில் அந்த வீடுகள் குளிர்ச்சியாகவே இருக்கும், மலைப்பிள்ளைக்கு அது நல்லதும்கூட. ஆனால் அந்த வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். வீடு கட்டு கட்டாகப் பிரிந்திருக்கும், கழிப்பறை பெரும்பாலும் பின்கோடிக் கட்டில்தான் இருக்கும். இரவு இரண்டு மணிக்குப் பதினொரு வயதுப் பிள்ளை இரண்டு கட்டுகளைத் தாண்டித் தனியே போக வேண்டும். வழி முழுக்க விளக்கு உண்டா, பின்தெருக் கதவின் சாவி யாரிடம், தீப்பிடித்தால் அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா, மேலே மாடியில் படுக்கும் பிள்ளைகளுக்கு எத்தனை படிக்கட்டு என்று கேளுங்கள்.

கடைசியாக, அங்கே ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளோடு வார்டன் இல்லாத இடத்தில் உங்கள் மகளைப் பத்து நிமிடம் பேச விடுங்கள். நீங்கள் கேட்டால் "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்பார்கள். அவள் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். போன வருடம் எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்பதை அவர்களிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பணம்

எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, பாதியில் எடுத்தால் அது திரும்ப வருமா, விடுமுறை நாளுக்குச் சாப்பாட்டுக் காசைக் கழிப்பார்களா, மின்கட்டணம், சலவை, மாலை டியூஷன் தனியா என்பதை எழுதி வாங்குங்கள். பிள்ளையின் கைச்செலவுப் பணத்தை வார்டனிடம் கொடுத்து வைப்பதானால் அதற்கு ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். உள்ளூரில் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு பெரிதாக வராது.

உள்ளூர்க் காப்பாளரும் தொலைபேசியும்

எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெற்றோருக்குப் பதிலாக அரை மணி நேரத்தில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். உறவாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் உங்கள் ஊரிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் குடும்பம். தைப்பூசத்துக்கு நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) இங்கிருந்து பழனிக்குக் காவடி எடுத்து நடந்தே போகிறார்கள். அந்தப் பாதையில் பழகி, வருடா வருடம் மலைவாழையும் காப்பித்தூளும் வாங்கிய பழக்கத்தில், எங்கள் ஊர்ப்பிள்ளை ஒருத்திக்குக் காப்பாளராக இருக்க ஒரு ஆச்சி ஒத்துக்கொண்டார். மூன்று வருடம் சொந்தப் பேத்தியைப் போலப் பார்த்துக்கொண்டார். யாராக இருந்தாலும், அந்த வீட்டுப் பெண்ணோடுதான் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கூட்டிப் போக அனுமதி உள்ளவர்களின் பெயரையும் புகைப்படத்தையும் விடுதியில் எழுதிக் கொடுங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

மலையில் சிக்னல் கிடைக்காது என்பது விடுதிக்காரர்களுக்குப் புரியாது. "போன் போட்டோம், எடுக்கலை" என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள், குறித்த மணிக்கு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நீங்கள் நிற்பதாக முடிவு செய்து வார்டனிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். மழை பெய்தாலும் போய் நில்லுங்கள். அவசரத்துக்கு அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரின் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

மகளிடம் பேச வேண்டியது

சேர்ப்பதற்கு முந்தைய மாதமே பேசுங்கள், கிளம்புகிற அன்று பேசினால் காதில் ஏறாது. உடம்பைத் தொட்டாலோ, பயமுறுத்தினாலோ, இதை யாரிடமும் சொல்லாதே என்று சொன்னாலோ, சொல்பவர் வார்டனாகவே இருந்தாலும் ஆசிரியராகவே இருந்தாலும், உடனே சொல்ல வேண்டும் என்று அம்மாவே நேராகச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, பள்ளிக் கல்வித்துறையின் எண் 14417. மூன்றையும் பாடமாக ஒப்பிக்கச் செய்யுங்கள். கூடவே வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை முடிவு செய்துகொள்ளுங்கள். வார்டன் பக்கத்தில் நிற்கும்போது போனில் உள்ளதைச் சொல்ல முடியாது. அக்கா மகளுக்கு "செவலை கன்னு போட்டுச்சா?" என்பதுதான் அந்த வார்த்தை. அதைச் சொன்னால் நான் ஒரு மணி நேரத்தில் விடுதி வாசலில் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

பூப்படையாத பிள்ளையென்றால் அதைப் பற்றியும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். துணியோ நாப்கினோ பெட்டியில் இருக்கட்டும். முதல்முறை அங்கே நேர்ந்தால் யாரிடம் போவது என்று ஒரு முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

முதல் நாற்பது நாள்

நாலாயிரம் அடிக்கு மேலே பிறந்த பிள்ளை ஜூன் மாதம் இங்கே இறங்குகிறாள். கத்திரி போயிருக்கும், வெயில் போயிருக்காது. வேர்க்குரு வரும், தூக்கம் வராது, மூக்கில் ரத்தம் வந்தால் பயந்துவிடுவாள். பருத்தி உடுப்பு, மெல்லிய போர்வை, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். கம்பளி வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் கொசு அதிகம், கொசுவலை கட்ட அனுமதி கேளுங்கள். இங்கே குழம்பில் மிளகாய் தூக்கலாக இருக்கும். மலையில் மிளகுக் காரம் பழகியவளுக்கு இது வேறு காரம், வயிறு எரியும். மோர் ஊற்றிச் சாப்பிடச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

முதல் இரண்டு வாரம் ஏக்கம் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று போய் நிற்காதீர்கள், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு அன்று கட்டாயம் போங்கள். எது தவறினாலும் சொன்ன நாள் தவறக் கூடாது. போகும்போது அவளுக்கு மட்டும் கொண்டுபோகாமல், அறையில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து மலைவாழைச் சீப்பு கொண்டுபோங்கள். மலையைப் பற்றி மற்ற பிள்ளைகள் அவளிடம் கேட்கத் தொடங்குவார்கள். அங்கிருந்துதான் அவளுக்குச் சிநேகம் உண்டாகும்.

அழைத்துக்கொண்டு வர வேண்டிய நேரம்

ஏக்கத்துக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஏக்கம் உள்ள பிள்ளை அழுவாள், வீட்டைப் பற்றி நிறையப் பேசுவாள், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் குறையும். ஆபத்தில் உள்ள பிள்ளை பேச்சைக் குறைப்பாள். விடுமுறைக்கு வந்தவள் திரும்பும் நாள் நெருங்க நெருங்க வயிற்றுவலி என்பாள், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயர் வந்தால் முகம் மாறும், முடியோ எடையோ சட்டென்று குறையும். அப்போது "கொஞ்சம் பொறுத்துக்கோ, படிப்பு முக்கியம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

வருட நடுவில் மாற்ற முடியாது என்று விடுதியில் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு வரை அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறிச் செல்வது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளையின் உரிமை. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும், அது வர தாமதமானாலும் புதிய பள்ளி அதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்க முடியாது. ஒன்பது, பத்தில் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்து மாற்றலாம். அலைச்சல்தான், ஆனால் நடக்கும்.

அந்தச் சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே, காய்ச்சலில் இளைத்துக் கிடந்த என்னை அப்பா அதே வாரம் வெளியே எடுத்துவிட்டார். முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. காரைக்குடியிலேயே இன்னொரு விடுதி. ஓட்டுக்கட்டடம், சுண்ணாம்பு உரிந்த சுவர். அதன் வார்டன் வாசலுக்கு வந்து, "ஹால் நடுவுலதான் பாய் போட்டுப் படுப்பேன் அண்ணே, பிள்ளை இருமினா எனக்குக் கேக்கும்" என்றார். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரவு ஹாலில் விளக்கு அணைந்து, அந்த அம்மா வெளியே வராததைப் பார்த்த பிறகுதான் பஸ் நிலையத்துக்கு நடந்தார்.